வெள்ளி நரம்பு

வக்கீல் அணைந்தபெருமாள் கேள்வியை முடிக்கவில்லை. அதற்குள் ஜெசிந்தாவின் வலது கை பதிலைச் சொல்லிவிட்டது.

"அந்த லாரி பின்பக்கமா வந்தப்போ, ஸ்டியரிங் முன்னால..." என்று அவர் இழுத்துக்கொண்டிருந்தார். சாட்சிக் கூண்டில் நின்ற இசக்கியம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கோர்ட் கேட்பதைச் சைகையாக்கி அவளுக்குக் காட்டுவதும், அவள் காட்டுவதைத் தமிழாக்கிக் கோர்ட்டுக்குச் சொல்வதும் ஜெசிந்தாவின் வேலை. லாரி என்று காட்டினாள். பின்னால் வந்தது என்று காட்டினாள். அடுத்து யார் என்று கேட்க வேண்டும். வக்கீல் இன்னும் அந்த வார்த்தைக்கு வந்து சேரவில்லை என்பதால் அவள் காத்திருந்தாள். கை காத்திருக்கவில்லை. அது தானாக இடது மணிக்கட்டுக்குப் போய், அங்கே இல்லாத காப்பு ஒன்றைத் திருகிக் காட்டியது.

காப்பைத் திருகினால் இசக்கியின் பாஷையில் முதலாளி மகன் என்று அர்த்தம்.

இசக்கி தலையை ஆட்டினாள். ஆமாம், அவன்தான்.

ஜெசிந்தா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சூடான தோசைக்கல்லைத் தொட்டவள் போல இருந்தது அவள் முகம். அணைந்தபெருமாள் அதைக் கவனித்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பு வக்கீல்; திருநெல்வேலிப் பக்கத்தில் குற்றவியல் வழக்குகளில் பெயர் எடுத்தவர். குரலை உயர்த்துகிற பழக்கம் இல்லை.

"யுவர் ஆனர், நான் இன்னும் யாருன்னு கேக்கவே இல்லை. அதுக்குள்ள மொழிபெயர்ப்பாளர் அம்மா சாட்சிக்குப் பதிலைக் காட்டிக் கொடுத்துட்டாங்க. எல்லாம் வீடியோவுல இருக்கு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். "அவர் சொல்றது சரியாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏதோ ஜாடை மாறிவிட்டது என்று சமாளித்திருக்கலாம். அந்த அறையில் இசக்கியின் பாஷை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"சரிதாங்க," என்றாள். "ஆனா நான் காட்டலை. கை காட்டிட்டு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அணைந்தபெருமாள் சிரிக்கவில்லை. "இந்தம்மா கையில வெள்ளி நரம்பு வெச்சிருக்கிறது எல்லாருக்கும் தெரியும், யுவர் ஆனர். நான் குத்திக்காட்டலை. ஒரே ஒரு விஷயம்தான் கேக்கேன். இதுவரைக்கும் இந்தக் கோர்ட்டுல சாட்சி சொன்னது யாரு? இசக்கியம்மாளா, இந்தம்மாவா, இந்தம்மா கைக்குள்ள ஓடுற கம்பியா?"

அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் ஜெசிந்தாவைச் சுட்டது.

நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார். கையைப் பரிசோதித்த டாக்டரின் அறிக்கை வந்த பிறகுதான் இந்தச் சாட்சியத்தை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு சொல்ல முடியும் என்றார்.

வராந்தாவில் இசக்கி ஓடிவந்து அவள் முன்னால் நின்றாள். உப்பளத்து வெயிலில் கன்றிப்போன முகம். நான் தப்பாக ஏதும் சொல்லிவிட்டேனா, ஏன் எல்லாரும் எழுந்து போகிறார்கள் என்று படபடவென்று கேட்டாள். ஜெசிந்தா வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும், உன் மேல் தப்பில்லை என்று சொன்னாள்.

இசக்கியின் தம்பி சுடலைமுத்து. அக்காவும் தம்பியும் பொன்ரத்தினம் என்பவருடைய உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரினார்கள். ஒரு மத்தியானம், உப்பு ஏற்ற வந்த லாரி பின்பக்கமாக வந்து, குவியலின் நிழலில் உட்கார்ந்திருந்த சுடலைமுத்துவின் மேல் ஏறிவிட்டது. ஓட்டியது நான்தான் என்று டிரைவர் ஒத்துக்கொண்டார். ஓட்டியது டிரைவர் இல்லை, லைசென்ஸ் இல்லாத முதலாளி மகன் சந்தனகுமார் என்று இசக்கி சொன்னாள். நடந்ததைப் பார்த்த வேறு சாட்சி யாரும் இல்லை. ஆக, வழக்கே அவளுடைய இரண்டு கைகளில் நின்றது. அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. அவளும் தம்பியும் சின்ன வயதிலிருந்து தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட பாஷைதான் அவளுக்குத் தெரியும். தம்பி போன பிறகு அதைப் பேச ஆள் இல்லை. ஜெசிந்தா மாதக்கணக்கில் உப்பளத்துக்குப் போய் உட்கார்ந்து அதைப் படித்தாள்.

சைகை மொழி ஜெசிந்தாவுக்குப் புதிதல்ல. அவள் புருஷன் லூர்துவுக்கும் காது கேட்காது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை; கூட வேலை செய்கிறவர்களும் அவனைப் போலத்தான். இரண்டு வீட்டு எதிர்ப்பையும் மீறிக் கட்டிக்கொண்டவன். அவனோடு பேசுவதற்காகப் படித்த மொழி, பிறகு அவளுக்குக் கோர்ட்டில் வேலையும் வாங்கித் தந்தது.

ஒரு மழைநாளில் ஸ்கூட்டர் சறுக்கி அவள் தோள் தரையில் மோதியது. கழுத்திலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகள் வேரோடு பிய்ந்துபோயின. கை இருந்தது; உயிர் இல்லை. வீட்டுக்கு வந்த முதல் நாள் லூர்துவிடம் ஏதோ சொல்ல முயன்றாள். ஒரு கையால் பேசுவது, பாதி எழுத்தை முழுங்கிவிட்டுப் பேசுவது போல. அவன் புரிந்ததாகத் தலையாட்டினான். புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அழுத அழுகையை அவள் அதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை.

அப்போதுதான் வெள்ளி நரம்பு வந்திருந்தது. காயல்பட்டினத்துக்காரரான டாக்டர் மெஹருன்னிசா, தலைமுடியைவிட மெல்லிய வெள்ளி இழைகளைக் கழுத்தில் தொடங்கி விரல் நுனி வரைக்கும் ஓடவிட்டார். "உலோகத்துலேயே மின்சாரம் தடங்கல் இல்லாம ஓடுறது வெள்ளியிலதான். செம்பும் தங்கமும் அதுக்கு அப்புறம்தான்," என்று அவர் அன்று விளக்கியிருந்தார். "எவ்வளவு மெல்லிசா இழுத்தாலும் இழுபடும். கிருமியும் சீக்கிரம் அண்டாது."

முதலில் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்புறம் கை நடந்தது, ஓடியது, பழைய வேகத்துக்கு வந்தது. அதையும் தாண்டியது. நினைப்பதற்குள் கை சொல்லி முடித்துவிடும். ஜெசிந்தாவுக்கு அதில் பெருமைகூட இருந்தது. கோர்ட்டில் காப்பைத் திருகிய அந்த நொடி வரைக்கும்.

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். லூர்து பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தான். மணிக்கட்டில் ஊசி முனையளவு கேமராவைச் செலுத்தித் திரையைக் காட்டினார் மெஹருன்னிசா. பளபளவென்று வெளுத்துக் கிடக்க வேண்டிய இழை, மை தீட்டியதைப் போல நெடுகக் கறுத்துக் கிடந்தது.

"துருப்பிடிச்சிருச்சா டாக்டர்?"

"துரு இல்லை. உங்க கொலுசு கறுக்குமா?"

"சீக்கிரமே கறுத்துரும். உடம்புச் சூடுன்னு எங்க அத்தை சொல்லுவாங்க."

"சூடு இல்லை, கந்தகம். வெள்ளிக்குக் காத்துப் பட்டா ஒண்ணும் ஆகாது, தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. கந்தகம் பட்டா மட்டும் கறுத்துப்போகும். வெள்ளிக் கரண்டியில முட்டை சாப்பிட்டா கரண்டி கறுக்கும், பாத்திருப்பீங்க. மனுஷ உடம்புலேயும் கந்தகம் இருக்கு. முடியில, நகத்துல, ரத்தத்துல. சிலருக்கு இழையைச் சுத்தியிருக்கிற உறைக்குள்ள கசிஞ்சு இழையைத் தொட்டுருது." அவர் திரையை அணைத்தார். "கறுத்த இழையையெல்லாம் எடுத்துட்டுத் தங்க முலாம் பூசினதை வைக்கச் சொல்லி, இதைத் தயாரிக்கிற கம்பெனியிலேருந்து சொல்லியிருக்காங்க. கறுத்தா மின்சாரம் சரியா ஓடாது, கெட்டுப்போச்சுன்னு அவங்க கணக்கு."

"ஆனா என் கை நல்லா ஓடுதே. ரொம்பவே நல்லா ஓடுதே."

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் பேசப் பேச ஜெசிந்தா இடது கையால் லூர்துவுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். "என்கிட்ட வந்தவங்கள்ல இழை பளபளன்னு அப்படியே இருக்கிறவங்களும் உண்டு. அவங்க கை எழும்பும், டம்ளரைப் பிடிக்கும். ஆனா இன்னும் சட்டைப் பித்தானைப் போட வராது. பழகவே மாட்டேங்குது. கறுத்தவங்களுக்குத்தான் பழகுது. ஏன்னு தேடிப் பாத்தேன். அந்தக் கறுப்புக்குள்ள வெள்ளி அணுக்கள் ஒரே இடத்துல நிக்கிறதில்லை, ஊர்ந்து போகுது. மின்சாரம் ஒரு பக்கமா திரும்பத் திரும்பப் போனா, அணுக்கள் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து பாலம் மாதிரி கட்டிக்குது. கொஞ்ச நாள் அந்த வழியே போகலைன்னா பாலம் கலைஞ்சிரும். காட்டுக்குள்ள நடந்து நடந்து ஒத்தையடிப் பாதை விழும்ல, அந்த மாதிரி. நம்ம மூளையும் இப்படித்தான் பழகுது."

"அப்போ என் கையே தனியா படிச்சிருக்கா?"

"உங்ககிட்டேருந்து படிச்சிருக்கு. நீங்க அடிக்கடி சொன்னதையெல்லாம்."

ஜெசிந்தா தன் கையைப் பார்த்தாள். எத்தனை தடவை அந்தக் காப்பைத் திருகியிருக்கும். போலீஸ் வாக்குமூலத்தின்போது, அரசு வக்கீல் அறையில், உப்பளத்தில், இசக்கி காட்டியதைச் சரிதானா என்று திருப்பிக் காட்டிய ஒவ்வொரு முறையும். லாரி, பின்னால், காப்பு. லாரி, பின்னால், காப்பு.

"அது பொய் சொல்லுமா டாக்டர்?"

"புதுசா ஒண்ணை உண்டாக்காது. நீங்க போகாத பாதைக்கு அதுக்கு வழி தெரியாது. ஆனா அவசரப்படும். முதல் ரெண்டு அடி வெச்சதுமே மீதிப் பாதையை ஓடி முடிச்சிரும்."

"கோர்ட்டுல அவசரப்பட்டாலே பொய்தான்."

டாக்டர் மூன்று வழி இருப்பதாகச் சொன்னார். இப்படியே விட்டுவிடலாம், இனி கோர்ட் வேலை இருக்காது, இசக்கியின் சாட்சியமும் நிற்காது. தங்க முலாம் இழைக்கு மாற்றலாம்; கை அசையும், ஆனால் எந்தக் காலத்திலும் பழகாது. மூன்றாவது, யாருக்கும் இதுவரை செய்து பார்க்காத ஒன்று. மின்சாரத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஓடவிட்டால் அணுக்கள் வந்த வழியே திரும்பிப் போய்விடும். பாலம் எல்லாம் கலைந்துவிடும். கறுப்பு இருக்கும், அது கற்றது எதுவும் இருக்காது.

"திரும்பவும் பழகுமா?"

"பழகும்னு நினைக்கிறேன்." பிறகு அவரே திருத்திக்கொண்டார். "நினைக்கிறேன்னு மட்டும்தான் சொல்ல முடியும், ஜெசிந்தா. கை அசையாமலே போனாலும் போகலாம்."

ஆஸ்பத்திரித் தோட்டத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மல்லிகைப் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. சைகையில் நீ என்பதும் நீங்கள் என்பதும் ஒன்றுதான். நெஞ்சுக்கு நேராக ஒரு விரல்.

"அழித்துவிடு," என்றான் லூர்து.

அவன் அவ்வளவு சுருக்காகச் சொன்னது அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. "அழிந்தால் என்ன போகும் என்று தெரியுமா? உன்னோடு குழந்தை மாதிரிப் பேசுவேன். ஒருவேளை பேசவே முடியாது."

"தெரியும்."

"இந்தக் கைக்கு உயிர் வந்த நாளிலிருந்து நாம் பேசியதெல்லாம் இதில் இருக்கிறது."

"என்னிடமும் இருக்கிறது," என்றான் அவன். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். "அந்தப் பெண்ணிடம் வேறு யாரும் கேட்க முடியாது. நீதான் கேட்க வேண்டும்."

தண்ணீர் பாத்தியை நிரப்பி வழிந்து அவர்கள் காலடிக்கு வந்தது. ஜெசிந்தா செருப்பை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலை வேளையில் அது நடந்தது. மயக்க மருந்து கிடையாது. கை என்ன செய்கிறது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். விரல் நுனியில் குளிர்ச்சியாக ஏதோ புறப்பட்டு மேலே ஏறியது. ஏற ஏறக் கை தானாக அசைந்தது. விரல்கள் மடங்கின, விரிந்தன, நெற்றிக்குப் போகப் பார்த்தன, உதட்டருகே வந்து விழுந்தன. அவள் வருஷக்கணக்கில் சொன்ன சொற்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, அர்த்தமில்லாமல், கடைசித் தடவையாக வந்துபோயின. ஒரு முறை காப்பைத் திருகியது. பிறகு உள்ளங்கை மேலே பார்க்க மெத்தையில் கிடந்தது.

"கட்டைவிரலால சுட்டுவிரலைத் தொடுங்க," என்றார் மெஹருன்னிசா.

தொட்டாள். அதாவது, தொட வேண்டும் என்று நினைத்தாள். கை கிடந்தபடி கிடந்தது.

"இன்னொரு தடவை."

ஒன்றும் இல்லை. டாக்டரின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்திருந்ததை அவள் பார்த்தாள். பைக் ஓட்டத் தெரியாத காலத்தில் கிளட்சைத் தேடியது போல, தோளுக்குள் எங்கோ இருந்த ஒரு பிடியைத் தேடினாள். எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன் என்று தேடினாள். கட்டைவிரல் லேசாக நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கி, கிழவி குளக்கரைப் படியிறங்குவது போலத் தயங்கித் தயங்கி, சுட்டுவிரலின் பக்கவாட்டில் போய் இடித்தது.

மெஹருன்னிசா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்று மூச்சுவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற லூர்து இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரித்து ஆட்டினான். காது கேளாதவர்கள் அப்படித்தான் கைதட்டுவார்கள்.

டாக்டர் கோர்ட்டுக்கு வந்து நேரிலேயே விளக்கினார். அந்தக் கை பழகியதை மட்டும்தான் செய்யும் என்றும், பழகியது இப்போது முழுக்கக் கலைக்கப்பட்டுவிட்டது என்றும் சொன்னார். அணைந்தபெருமாள் அவரை வெகுநேரம் குறுக்கு விசாரணை செய்தார். கடைசியில், "அப்போ இந்தக் கைக்கு இப்ப வழக்கைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுதீங்க," என்றார். "இந்தக் கைக்கு இப்போ சோறு பிசையவே தெரியாது, சார்," என்றார் டாக்டர். நீதிபதியே சிரித்துவிட்டார். சாட்சியத்தை முதலிலிருந்து எடுக்க உத்தரவானது.

அன்று ஒரு கேள்வி போய்ச் சேர்வதற்குள் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் எடுக்கலாம் போல இருந்தது. ஜெசிந்தாவின் கை ஒவ்வொரு சைகைக்கும் புறப்பட்டு, தடுமாறி, ஒரு வழியாக உருவம் கொண்டு நின்றது. இசக்கி பொறுமையாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணைந்தபெருமாளும் அவசரப்படுத்தவில்லை, ஒரு சொல் சொல்லி, அது போய்ச் சேரும் வரை நின்று, அடுத்த சொல்லைச் சொன்னார்.

"லாரி பின்பக்கமா வந்தப்போ, ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தது யாரு?"

லாரி. பின்னால். சக்கரம். யார்?

நாலாவது சைகை முடிந்ததும் ஜெசிந்தா இரண்டு கைகளையும் மேஜைமேல் பரத்தி வைத்துக்கொண்டாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று.

இசக்கி தன் இடது மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள்.

"முதலாளி மகன்," என்றாள் ஜெசிந்தா.

"சரி. அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு கேளுங்க."

அதுக்கப்புறம் என்பதைக் காட்டக் கை மிகவும் கஷ்டப்பட்டது. பாதியில் விழுந்தது. மறுபடி தூக்கினாள். அந்த இடைவெளியில் இசக்கி தானாகவே பேச ஆரம்பித்துவிட்டாள். அரசு வக்கீல் அறையில் ஒருமுறைகூட அவள் சொல்லியிராத ஒன்றை.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டே, பார்த்ததை அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். "காப்பு போட்டவர் லாரியிலேருந்து குதிக்காரு. ஓடி வாராரு. தம்பி தலையைத் தூக்கி மடியில வைக்காரு. தண்ணி... எங்க குடத்துலேருந்து தண்ணி எடுத்து ஊத்துதாரு. அழுதாரு. என் தம்பி கன்னத்தைத் தட்டித் தட்டி அழுதாரு. அப்புறம்..." அவள் இசக்கியின் கைகளையே பார்த்தாள். "குடை பிடிச்சவர் வாராரு. அது முதலாளி. மகனை ஒரு அறை விடுதாரு. சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கார்ல தள்ளுதாரு. தோள்ல துண்டு போட்டவரை லாரியில ஏறி உக்காரச் சொல்லுதாரு. அது டிரைவர். அவர் மாட்டேங்காரு. முதலாளி கையெடுத்துக் கும்பிடுதாரு. அப்புறம் ஏறுதாரு."

குற்றவாளிக் கூண்டிலிருந்த சந்தனகுமார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். இருபதைத் தாண்டியதே தெரியாத, மீசை சரியாக வராத முகம்.

"குடிச்சான்," என்றான். "ரெண்டு வாய் தண்ணி குடிச்சான். அந்தக்கா சொல்லுதது உண்மை."

"தம்பி, பேசாம இருங்க," என்றார் அணைந்தபெருமாள்.

"எனக்கு ராத்திரியெல்லாம் அந்தத் தண்ணிதான் சார் ஞாபகம் வருது. நான்தான் ஓட்டினேன். ரிவர்ஸ் எடுத்துப் பழகிட்டிருந்தேன். அவன் உக்காந்திருந்ததை நான் பாக்கலை."

அணைந்தபெருமாள் நீதிபதிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பார்வையாளர் வரிசையில் பொன்ரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்த ஆள் போலத் தோள் தொங்கியிருந்தது.

இசக்கிக்கு இது எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் ஏன் அவனைப் பார்க்கிறார்கள், அவன் ஏன் அழுகிறான், என்ன சொன்னான் என்று கேட்டாள். ஜெசிந்தா கையைத் தூக்கினாள். அவன். சொன்னான். நீ. உண்மை. நான்கு சொற்களுக்கும் நீண்ட நேரம் ஆயிற்று. இசக்கி அதைப் படித்து முடித்ததும் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். தம்பி செத்த நாளிலிருந்து எதையாவது சொல்லிக்கொண்டே இருந்த அந்தக் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன.

வராந்தாவில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஜெசிந்தா கேட்டாள், அவன் தண்ணீர் ஊற்றியதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று.

இசக்கி ஆச்சரியமாகப் பார்த்தாள். "லாரி வந்தது என்று சொல்வேன். உன் கை மீதியைச் சொல்லிவிட்டு, சரிதானே என்று கேட்கும். சரிதான். அவ்வளவு போதும்போல என்று நினைத்தேன்."

சந்தனகுமார் குற்றத்தை ஒத்துக்கொண்டதால் தண்டனை குறைந்தது. ஆள் மாற்றியதற்காகப் பொன்ரத்தினம் மேலும் டிரைவர் மேலும் தனியாக வழக்கு வந்தது. சந்தனகுமார் ஜெயிலுக்குப் போகும் முன் இசக்கியைப் பார்த்துக் கும்பிட்டான் என்றும், அவள் திருப்பிக் கும்பிடவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை என்றும் அரசு வக்கீல் பிறகு சொன்னார். கம்பெனிக்காரர்கள் மெஹருன்னிசாவின் முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கறுத்த இழைகளைப் பிடுங்கும் பேச்சை விட்டுவிட்டார்கள். பளபளவென்று இருக்கும் இழைகளைக் கறுக்க வைப்பது எப்படி என்று இப்போது ஆராய்ச்சி செய்கிறார்களாம்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் லூர்துவும் அவளும் கடற்கரைப் பக்கமாக நடந்து வந்தார்கள். படகுகள் கரை சேர்ந்துகொண்டிருந்தன. மனசு அவ்வளவு லேசாக இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஆனால் இசக்கி சொன்னது மட்டும் முள்ளாகக் கிடந்தது. ஒரு கவிழ்த்த படகில் சாய்ந்து நின்று அவள் கையைத் தூக்கினாள்.

"உன்னையும். நான். அப்படி. செய்தேனா?"

அவன் முதலில் கடலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"அழிப்பதற்கு முன் ஒரு வருஷமாக நான் ஒரு பேச்சைக்கூட முடித்ததில்லை," என்றான். "இன்று பட்டறையில் என்று ஆரம்பிப்பேன். உன் கை, சரி சரி, களைப்பாக இருக்கும், சாப்பிடு என்று சொல்லிவிடும். களைப்பாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிடுவேன்."

"ஏன். சொல்லவில்லை?"

"எப்படிச் சொல்வது? ஆரம்பித்தால் நீ முடித்துவிடுவாய்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போது சொல்," என்றாள். "இன்று. பட்டறையில்."

லூர்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பட்டறை முதலாளியின் மச்சான் புதுப் படகைப் பார்க்க வெள்ளை வேட்டியில் வந்த கதை. ஃபைபர் பிசின் இன்னும் காயவில்லை, ஏறாதீர்கள் என்று எல்லாரும் கையைக் காலை ஆட்டிச் சொன்னார்களாம். ஊமைகள் வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து அந்த ஆள் பதிலுக்கு வணக்கம் வைத்துக்கொண்டே ஏறினாராம். செருப்பு ஒட்டிக்கொண்டது. செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலை வைத்தார். கால் ஒட்டிக்கொண்டது. விழாமலிருக்கக் குனிந்து கையை ஊன்றினார். லூர்து அந்த மனிதராகவே மாறி மணலில் நான்கு காலில் நின்று, வேட்டியைப் பிடிக்க ஒரு கை இல்லாமல் தவித்துக் காட்டினான். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஜெசிந்தா படகைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். இவன் இத்தனை வேடிக்கையாகப் பேசுகிறவன் என்பதற்காகத்தானே வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கக் கையைத் தூக்கினாள். அது தட்டுத்தடுமாறி நெஞ்சுக்கு நேரே வந்து சேர்வதற்குள், லூர்து வேட்டி கழன்ற இடத்துக்குப் போய்விட்டிருந்தான்.